உடும்புப் பிடி

வேலை செய்யும் இடத்தில் அவளை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கோ அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான். பதினோரு வருடத்தில் அவள் கைபட்ட இணைப்பு ஒன்றுகூடக் கழன்றதில்லை. அதற்காக விழுந்த பட்டம் அது. பட்டம் கொடுத்த இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள், பட்டம் மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

வேலையைச் சொன்னால் இதற்கா இத்தனை பெருமை என்று தோன்றும். சுண்டுவிரல் அளவில் ஒரு பீங்கான் குழாய். அதன் இரண்டு முனையிலும் வளைகிற சிலிக்கான் குழாயைச் செருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பீங்கான் வளைந்து கொடுக்காது, கொஞ்சம் அழுத்தினால் உடைந்து கையைக் கிழிக்கும். சிலிக்கானோ அடம்பிடிக்கும். அதன் முனையை ஸ்பிரிட்டில் முக்கி, சற்று ஊறி இளகியதும், பீங்கானில் போட்டிருக்கும் கோடுவரை ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே ஒரு வளையத்தைப் போட்டு இறுக்க வேண்டும். ஸ்பிரிட் காய்ந்ததும் சிலிக்கான் சுருங்கிப் பீங்கானைக் கவ்விக்கொள்ளும். பீங்கானின் உடம்பெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. முனைகள் மட்டும் பிடிப்புக்காகச் சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும்.

இப்படி மாட்டியதெல்லாம் மூச்சு மெஷினின் வெளிக் குழாயில் போய்ப் பொருந்தும். தானாக மூச்சை இழுக்கத் தெம்பில்லாதவர்களுக்கு, காற்றை வடிகட்டி, அந்தப் பீங்கான் வழியே இளஞ்சூடாக்கி, அழுத்தத்தோடு மூக்குக்கு அனுப்புகிற மெஷின். பீங்கான் சூட்டுக்கு அசையாது என்பதால்தான் அதைப் போடுகிறார்கள்.

மாட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வளைய நிறம் உண்டு. அவளுடையது பச்சை. பக்கத்து மேசைக்காரிக்கு மஞ்சள். அந்த மேசைக்காரி எதையும் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துத்தான் செய்வாள், அதனால் எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி. கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடி அதை எழுத்து பிசகாமல் கடைப்பிடிப்பாள். உடும்பு மட்டும் கையுறையின் மூன்று விரல் நுனிகளைக் கத்தரியால் வெட்டிவிடுவாள். பீங்கானை விரலால் தொட்டுப் பார்க்காமல் எப்படித் தள்ளுவது என்பது அவள் கட்சி. கழலாத இணைப்புக்காரியிடம் யார் போய் வாதம் பண்ணுவார்கள்? பார்த்தும் பாராமல் விட்டுவிட்டார்கள்.

அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல் ஒரு சின்னச் சண்டை. வீட்டில் அவளும் தங்கையும்தான். தங்கைக்கு நுரையீரல் சுருங்கிப்போய் இரண்டு வருடமாகிறது, அதே மூச்சு மெஷின்தான் அவளுக்கும் துணை. படுக்கையிலிருந்து ஜன்னல்வரை நடப்பாள், அதற்கு மேல் முடியாது. தன்னால் அக்காவுக்கு ஒரு உபகாரமும் இல்லை என்ற குறை அவளுக்கு நெஞ்சு நிறைய உண்டு. ஆகவே ஒரு வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். தினமும் காலையில் அக்காவின் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, முட்டிமுட்டியாக வலித் தைலம் தேய்த்துவிடுவாள். விரல் வலி இல்லாவிட்டால்கூட அக்கா கையை நீட்டியிருப்பாள். அந்தப் பத்து நிமிடம் இருவருக்குமே வேண்டியிருந்தது.

அன்று தேய்த்து முடித்தபோது தங்கையின் தலைமுடி கலைந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, போன வாரம்தானே ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட் வாங்கி வந்தேன், அதற்குள் எங்கே தொலைத்தாய் என்று அக்கா திட்டினாள். தங்கை சிரித்து மழுப்பினாள். மெஷினின் பக்கவாட்டில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்ததும் அக்காவின் கண்ணில் பட்டது. எங்கேயோ இடித்துக் கீறல் விழுந்திருக்கும், திட்டுவேன் என்று மறைத்திருக்கிறாள் என நினைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதற்கான திட்டைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குத் தராசு வந்தார். இணைப்புகளில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பவர் என்பதால் அந்தப் பெயர். கையில் ஒரு அட்டைப்பெட்டி. நேரே வந்து அதை அவள் மேசையில் கவிழ்த்தார். பீங்கான் தனியாக, சிலிக்கான் தனியாக உருண்டு ஓடின.

அவள் முதலில் சிரித்தாள். யார் வேலை இது, இவ்வளவு கேவலமாக மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. சிலிக்கான் முனைகளில் இருந்த வளையங்கள் எல்லாமே பச்சை.

"முப்பத்தேழு" என்றார் தராசு. "மூணு மாசத்துல திரும்பி வந்தது. எல்லாம் உன்னோடது."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வெட்டு நேராக இருந்தது, வளையம் சரியான இடத்தில் இறுகியிருந்தது, கோடுவரை தள்ளிய அடையாளம் சிலிக்கானின் உள்ளே தெரிந்தது. தன் கையெழுத்தை ஒருவன் அடையாளம் காண்கிற மாதிரி அவளுக்குத் தன் வேலை தெரியும். இது அவள் வேலைதான், ஆனால் கழன்று கிடக்கிறது. தன் வளையங்களை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே குரலில் உறுதியில்லை. பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததுதான் உடும்புக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

பிறகு, கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டாள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?

"இதுவரைக்கும் இல்ல" என்றார் தராசு. "கழண்டதும் மெஷின் கத்தியிருக்கு. வீட்டுல இருந்தவங்க ஓடிவந்து பிடிச்சிருக்காங்க. அலாரம் இருக்கவே தப்பிச்சோம்."

எடைக்கல் சோதனையில் எல்லாம் தேறித்தானே வெளியே போயின என்று அவள் வாதாடினாள். தராசும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இங்கே சோதிப்பது ஆறிய நிலையில். வீட்டில் கழல்வது மெஷின் சூடான பிறகு. ஆகவே இரண்டு பேரும் அவர் கண்முன்னால் ஆளுக்கு ஒன்று மாட்டட்டும், ஸ்பிரிட் காய்ந்ததும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து எடையைத் தொங்கவிடலாம் என்றார்.

மாட்டினார்கள். பதினோரு வருட உடும்பு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மாட்டினாள். காய்வதற்காக விசிறிக்கு முன்னால் வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள்.  பச்சையும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் சூட்டுப் பெட்டிக்குள் தொங்கின. கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தார்கள்.

நாலாவது நிமிடம் பச்சை வழுக்கத் தொடங்கியது. ஒரேயடியாகக் கழலவில்லை, மெதுவாக, ஈரச் சோப்பு கையிலிருந்து நழுவுகிற மாதிரி நழுவியது. எடைக்கல் தட்டில் விழுந்த சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மஞ்சள் அசையவே இல்லை.

தராசு அந்தப் பீங்கானை வெளியே எடுத்து, ஆறும்வரை ஊதி, அதன் சொரசொரப்பு முனையை ஒரு வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் துடைத்தார். காகிதத்தில் மங்கலாக ஒரு எண்ணெய்க் கறை. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவளிடம் நீட்டினார்.

முகர வேண்டிய அவசியமே இல்லை. காகிதம் பாதி வழியில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் தங்கையின் மடியிலிருந்து வருகிற வாசனை. தைலம். வெட்டிய கையுறையின் நுனி வழியே விரலிலிருந்து பீங்கானுக்கு, பீங்கானின் சொரசொரப்பில் ஊறி, சூடு பட்டதும் இளகி, அவள் இறுக்கிய பிடியை உள்ளேயிருந்தே அவிழ்த்துவிட்டிருக்கிறது. இத்தனை நாளும் ஒவ்வொரு இணைப்பையும் அவளே மாட்டி, அவளே கழற்றிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

"எப்போலேர்ந்து தைலம் போடுற?" என்று கேட்டார் தராசு. தேதி தெரிந்தால்தான் எந்தப் பெட்டியிலிருந்து திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியும்.

  அவளுக்கு அப்போது வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் தங்கையின் மெஷினுக்குப் புதுக் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. வேறு யார் மாட்டியதையும் நம்பாமல், என் தங்கைக்கு நானே மாட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, கையுறையைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு, பார்த்துப் பார்த்து மாட்டி எடுத்துப் போனாள். அதிலும் பச்சை வளையம்தான்.

போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதுவும் ஓய்ந்தது. தங்கை போனை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பவள், இரண்டாவது மணியில் எடுப்பவள். மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூதக்கண்ணாடிதான் அவளைப் பிடித்து உலுக்கினாள். தான் மாட்டிய மஞ்சள் வளைய இணைப்பு இரண்டை அவள் உள்ளங்கையில் திணித்து, ஓடு என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வேலைக் கோட்டோடு, தலையில் வலைத் தொப்பியோடு தெருவில் ஓடினாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓடும்போதும் ஒரே ஒரு விஷயம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கழன்றிருந்தால் அலாரம் கத்தியிருக்கும். கத்தியிருந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்திருப்பார்கள். மூன்று வாரமாக ஒரு நாளும் அது கத்தவில்லையே. ஆகவே கழலவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். மாடிப்படியில் நிசப்தம். அலாரம் இல்லை. அப்பாடா என்று அரை மூச்சு விட்டு, கதவைத் திறந்தாள்.

தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷினை மடிமேல் சாய்த்து, அதிலிருந்து வருகிற குழாயின் இணைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. போன் ஒரு முழத்துக்கு அப்பால் நாற்காலியில் கிடந்தது. அதை எடுக்க ஒரு கையை விட வேண்டும், விட்டால் குழாய் கழன்றுவிடும். அவள் விடவில்லை. பக்கத்தில் அறுந்துபோன ரப்பர் பேண்ட் ஒன்று சுருண்டு கிடந்தது. அக்காவைப் பார்த்ததும் அவள் சிரிக்க வேறு முயன்றாள்.

அக்கா உள்ளே ஓடினாள். மண்டியிட்டு உட்கார்ந்து, தங்கையின் கைகளோடு சேர்த்து அந்த இணைப்பைப் பிடித்தாள். பச்சை வளையம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்குள்ளே பீங்கான், உறையிலிருந்து வருகிற பேனா மாதிரி, லேசாக இழுத்தவுடன் வந்துவிட்டது. மெஷினின் விளக்கு சிவப்பாகத் துடித்தது. ஒரு முணுமுணுப்பு கேட்டது, அவ்வளவுதான். எறும்பு ஊர்கிற சத்தம்கூட அதைவிடப் பெரிது. மஞ்சள் வளைய இணைப்பைப் பொருத்த அவளுக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடமும் தங்கை கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு காற்று போயிற்று. உதட்டில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறுவதை அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டாள். நீ போன கொஞ்ச நேரத்திலிருந்து என்று தங்கை சைகையால் சொன்னாள். மூன்று மணி நேரத்துக்கு மேல்.

எப்போதிருந்து கழல்கிறது என்று அடுத்துக் கேட்டாள்.  மாட்டிய மறுநாளிலிருந்தே என்றாள் தங்கை. ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றினால் கால் நாள், அரை நாள் நிற்குமாம். சூட்டில் அது இற்றுப்போய் அறுந்ததும் இன்னொன்று. பாக்கெட் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. இன்று கடைசி பேண்டும் அறுந்துவிட்டது.

அக்காவின் பார்வை பிளாஸ்திரிமேல் போயிற்று. நகத்தால் பிய்த்தாள். கீழே கீறல் எதுவும் இல்லை. சின்னச் சின்னத் துளைகள். அலாரம் கத்துகிற இடம். பிளாஸ்திரிக்கு அடியில் பஞ்சு வேறு வைத்து அடைத்திருந்தாள்.

 கழல்வது தெரிந்தே, கழன்றால் என்ன ஆகும் என்று தெரிந்தே, இந்தப் பெண் அலாரத்தின் வாயைப் பொத்தியிருக்கிறாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றாள். கோபமாகத்தான் கேட்க நினைத்தாள், அழுகையாக வந்தது.

தங்கை மூச்சை எண்ணி எண்ணிப் பேசினாள். "நீ எனக்குன்னு தனியா மாட்டினது, அக்கா. உன்னோடது கழண்டதே இல்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க. முத முதலா கழண்டது என்னோடதுன்னு எப்படிச் சொல்றது? நான் அதை ஏதோ இழுத்து வச்சிருப்பேன்னுதான் நினைச்சேன்."

அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத முப்பத்தேழு பேர் கழன்றதைக் கழன்றது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதால்தான் இன்று இவள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். கூடப் பிறந்தவள் மட்டும் அக்காவின் பெருமைக்குக் காவல் இருக்கிறேன் என்று தன் மூச்சை ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அந்தப் பெருமைமீது அவளுக்கு அப்போது வந்த வெறுப்புக்கு அளவில்லை.

இனிமேல் நமக்குள் எதையும் மறைக்கக் கூடாது, சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினாள். தங்கை அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, கையை விடாமலேயே கேட்டாள். "சரி, எப்படிக்கா கழண்டுது? உன் கை வேலை கழலாதே."

 ஸ்பிரிட் சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். தங்கை நம்பிவிடுவாள். நாளைக் காலையும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டு என்பாள். இந்த வீட்டில் அவள் தனக்கென்று வைத்திருக்கிற ஒரே வேலை அது. ஆனால் சத்தியம் செய்த சூடுகூட இன்னும் உள்ளங்கையில் ஆறவில்லை.

"தைலம்" என்றாள். "விரல்ல இருந்த தைலம் பீங்கான்ல ஏறியிருக்கு. சூடு பட்டா வழுக்குது."

தங்கை தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று மணி நேரம் அவளுடைய மூச்சைப் பிடித்து வைத்திருந்த கைகள். அந்தக் கைகள்தான் அதை வழுக்கவும் விட்டிருக்கின்றன. அவள் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"நான் தேய்ச்சதா?"

"நீ தேய்ச்சது. கையுறை நுனிய வெட்டினது நான். தேய்க்காட்டிக்கூட நான் வெட்டியிருக்கக் கூடாது."

 மெஷின் உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை கழண்டுது?" என்றாள் தங்கை கடைசியில்.

"முப்பத்தேழு. உன்னோடதைச் சேர்த்தா முப்பத்தெட்டு."

"கழலாம இன்னும் எத்தனை வெளிய இருக்கு?"

தெரியாது என்றாள் அக்கா. தைலம் போட ஆரம்பித்த தேதியைத் தராசு கேட்டார், தனக்கு ஞாபகமில்லை என்றாள். தங்கை யோசிக்கவே இல்லை. மழை விட்ட மறு திங்கட்கிழமை என்றாள். அன்றைக்குத்தான் அக்கா சீப்பைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள், இவள் எடுத்து வாரிவிட்டாள், அன்று காலைதான் முதல் டப்பாவைத் திறந்தாள். தேதியோடு சொன்னாள். தனக்கு வலித்த நாளைத் தானே மறந்துவிட்டதும், தங்கை அதைத் தேதியிட்டு மனதில் வைத்திருப்பதும் அக்காவை என்னவோ செய்தது. போனை எடுத்துத் தராசிடம் தேதியைச் சொன்னாள். அவர் ஏட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. எண்ணூற்றுச் சொச்சம் என்றார். எண்ணூறு வீடுகளுக்கும் சொல்லியாக வேண்டும், அத்தனைக்கும் புதிதாக மாட்டியாக வேண்டும், பூதக்கண்ணாடி ஒருத்தியால் முடியாது, வரமுடியுமா என்று கேட்டார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

உன்னை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றாள் அக்கா, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"அந்த வீட்டுல எல்லாம் யாராவது அலாரத்துல பஞ்சு வச்சிருந்தா?" என்றாள் தங்கை. "போ. போறதுக்கு முன்ன கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவு. ரெண்டு தடவை."

அவள் மூன்று தடவை கழுவினாள். தைல டப்பாவைத் தங்கை மூடி, தலையணைக்குக் கீழே தள்ளிவைத்தாள். வேலை முடிந்து வந்தபிறகு தேய்த்துக்கொள்ளலாம் என்றாள். அக்கா தலையாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அலாரத் துளைகளில் மிச்சமிருந்த பஞ்சையும் ஊக்கால் கிளறி எடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது மாடிகூட இறங்கியிருக்கமாட்டாள். மேலே அலாரம் வீறிட்டது. மாடிப்படி முழுக்க அதிர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.  அவள் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். பாதி வழியில் சத்தம் நின்றது.

தங்கை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குழாயின் நீளம் அதுவரைக்கும்தான் எட்டும். இன்னொரு கையில் குழாயை மடக்கிக் காற்றை அடைத்துப் பிடித்திருந்தவள் அப்போதுதான் விட்டிருந்தாள்.

"சும்மா அமுக்கிப் பார்த்தேன்" என்றாள். "கேக்குதாக்கா?"

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்கு வாயெல்லாம் வார்த்தை இருந்தது.

"கேக்குது" என்றாள்.